பெஞ்சில் ஓர் இடம்

விடியற்காலை நான்கரை மணி. நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடை முன்னால் பேருந்து நிற்கிறது. "வண்டி பத்து நிமிஷம் நிக்கும், டீ காப்பி சாப்பிடுறவங்க சாப்பிடலாம்" என்று நடத்துநர் குரல் கொடுக்கிறார். ஆண்கள் இறங்குகிறார்கள். வாய் கொப்பளித்து, முகம் கழுவி, கையில் கிளாஸோடு பெஞ்சில் உட்காருகிறார்கள். கட்டுப் பிரித்த நாளிதழின் தாள் ஆளுக்கொன்றாகப் பிரிந்து போகிறது. அறிமுகமில்லாத இரண்டு பேர் விலைவாசியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள்.

பெண்கள்? அவசரம் தாங்காத இரண்டு மூன்று பேர், துணை சேர்த்துக்கொண்டு இருட்டைத் தேடிப் போகிறார்கள். மற்றவர்கள் இருக்கையை விட்டு அசையவில்லை. யாருடைய கணவரோ தம்பியோ ஜன்னல் வழியாக ஒரு கிளாஸை நீட்டுகிறார். சீக்கிரம் குடித்துவிட்டுக் கிளாஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்தக் காட்சியைப் பார்க்காத பெண் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. ஜன்னலுக்கு உள்ளே இருந்துதான் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

என் அம்மா இருபத்தாறு வருடம் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தார். பேருந்து நிறுத்தத்துக்கு ஊர் டீக்கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். போக ஒரு தடவை, வர ஒரு தடவை. அந்தப் பெஞ்சில் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை. ஏன் என்று கேட்டேன். "வீட்லதான் காப்பி இருக்கே" என்றார்.

அம்மாவின் பதில் காப்பியைப் பற்றியது. என் கேள்வி பெஞ்சைப் பற்றியது. நம் ஊர்க் காப்பிக் கடை, டீக்கடை ஆகியவற்றின் வரலாற்றைப் பெஞ்சின் பக்கத்திலிருந்து பார்த்தால் என்ன தெரிகிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரை பேசுகிறது.

காப்பி வந்த வழி

பதினேழாம் நூற்றாண்டில் பாபா புதான் என்ற சூஃபி ஞானி அரபு நாட்டிலிருந்து ஏழு காப்பி விதைகளைக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் நட்டார் என்பது பலரும் அறிந்த கதை. பெரிய அளவில் தோட்டம் போட்டவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயர்கள். குடகு, வயநாடு, நீலகிரி, சேர்வராயன் மலை, கடலுக்கு அப்பால் இலங்கை எனக் காடுகள் அழிந்தன. இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து கூலிகளாகப் போனவர்களில் ஆண்களே அதிகம். அறுவடைக் காலத்துக்குப் போய்த் திரும்பும் வேலை அது. 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் அடுத்த இருபது ஆண்டுகளில் காப்பியை ஒழித்துக்கட்டியது. அந்த இடத்தில் தேயிலை வந்தது. தேயிலைக்குப் பருவம் கிடையாது. வருடம் முழுக்கக் கொழுந்து கிள்ள வேண்டும். அதற்குக் குறைந்த கூலிக்குப் பெண்கள் தேவைப்பட்டார்கள். குடும்பம் குடும்பமாக ஆட்களைக் கொண்டுபோய் லயன்களில் குடியமர்த்தினார்கள். நாம் குடிக்கும் கிளாஸின் முதல் கை, பெரும்பாலும் பெண் கை.

வீட்டுக்குள் காப்பி நுழைந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அதுவரை காலையில் பழைய சோறும் நீராகாரமும்தான். ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி எழுதிய 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற கட்டுரை, இந்தப் புதிய பானம் தமிழ் நடுத்தர வர்க்கத்தை எவ்வளவு குழப்பியது என்று காட்டுகிறது. காப்பி உடம்பைக் கெடுக்கும், பணத்தைக் கரைக்கும், பழக்கவழக்கத்தைச் சீரழிக்கும் என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். காந்தியும் தேநீர், காப்பி இரண்டும் தேவையில்லாதவை என்றே சொன்னார். குடும்பப் பெண்கள் காப்பிக்கு அடிமையாகிவிட்டார்கள் என்ற புலம்பலும் அந்தக் காலத்து எழுத்தில் உண்டு.

புலம்பியவர்கள் ஒன்றை விட்டுவிட்டார்கள். கொட்டையை வறுத்தது யார்? அரைத்தது யார்? விடிவதற்கு முன் எழுந்து அடுப்பு மூட்டி, பால் பொங்கும்வரை நின்று, டிகாக்ஷன் இறங்கக் காத்திருந்தது யார்? பழைய சோற்றுக்கு விடிகாலையில் எழ வேண்டிய அவசியம் இல்லை; முந்தின இரவே தண்ணீர் ஊற்றி வைத்தால் போதும். காப்பி வந்ததும் பெண்ணின் நாள் ஒரு மணி நேரம் முன்னால் தொடங்கியது. அடுத்தடுத்து எழுந்து வரும் ஒவ்வொருவருக்கும் சூடாகக் கொடுக்க வேண்டும். அவள் குடிப்பது கடைசியில், பெரும்பாலும் இரண்டாம் டிகாக்ஷன்.

பெண் பார்க்க வரும்போதும் காப்பிதான். தட்டில் டம்ளர்களை அடுக்கிக்கொண்டு, தலை குனிந்து, சிந்தாமல் நடந்து வர வேண்டும். காப்பி எப்படி இருக்கிறது என்பதோடு காப்பியைக் கொண்டுவரும் பெண் எப்படி நடக்கிறாள் என்பதையும் பார்ப்பார்கள். வேறெந்தப் பானத்துக்கும் நம் வீடுகளில் இப்படி ஒரு தேர்வுக்கூடம் கிடையாது. பெண்ணுக்குக் காப்பியோடு இருந்த உறவு கொடுப்பவள் என்ற உறவு. உட்கார்ந்து வாங்கிக் குடிப்பவள் என்ற உறவு அவளுக்கு வரவே இல்லை.

பலகையும் கிளாஸும்

காப்பி வீட்டுக்கு வந்த அதே காலத்தில் தெருவுக்கும் வந்தது. சென்னை, கும்பகோணம், மதுரை, திருச்சி என்று ஊர்தோறும் காப்பி கிளப்புகள் முளைத்தன. பல கடைகளில் 'பிராமணாள் காப்பி கிளப்' என்று பலகை தொங்கியது. பிராமணர் சமைத்தது என்ற விளம்பரமும், பிராமணருக்குத் தனி இடம் உண்டு என்ற உறுதியும் அதில் இருந்தன. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலும் பிராமணருக்கு ஓர் இடம், மற்றவர்களுக்கு ஓர் இடம். நீதிக்கட்சியும் சுயமரியாதை இயக்கமும் விடாமல் எதிர்த்ததன் பலனாக 1941இல் ரயில்வே இந்தப் பிரிவினையைக் கைவிட்டது.

பலகைகள் தனியார் கடைகளில் நீடித்தன. 1957இல் பெரியார் அவற்றை அழிக்கும் போராட்டத்தை அறிவித்தார். திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்னால் திராவிடர் கழகத் தொண்டர்கள் நாள் தவறாமல் மறியல் செய்து, நாள் தவறாமல் கைதானார்கள். பல மாதங்கள் நீண்ட அந்தப் போராட்டம் 1958இல் பெயர்ப்பலகை மாறிய பிறகே முடிந்தது. ஒரு சொல்லை அழிக்க அவ்வளவு பேர் சிறைக்குப் போகத் தயாராக இருந்தார்கள். காப்பிக் கடையில் யார், எங்கே, எப்படி உட்காருவது என்பது அரசியல் கேள்வி என்பதைத் தமிழ்ச் சமூகம் அப்போதே புரிந்துவைத்திருந்தது.

அதே 1957இல் இன்னொன்றும் நடந்தது. காப்பி வாரியம் நடத்திவந்த இந்தியா காப்பி ஹவுஸ்கள் மூடப்பட்டு, ஊழியர்கள் வேலை இழந்தார்கள். கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலனின் முன்முயற்சியில் அவர்கள் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரண்டு, கடைகளைத் தாங்களே நடத்த ஆரம்பித்தார்கள். முதலாளி இல்லாத காப்பிக் கடை. எழுத்தாளர்களும் மாணவர்களும் தொழிற்சங்கத்தினரும் அங்கே ஒரு கப் காப்பியோடு மணிக்கணக்காகப் பேசியதை எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். அந்த நினைவுகளில் தலைப்பாகை கட்டிய ஊழியரும் ஆண், மேசையைச் சுற்றி இருந்தவர்களும் பெரும்பாலும் ஆண்.

கிராமத்து டீக்கடையில் போராட்டம் இதைவிடக் கடுமையானது. தலித்துகளுக்குப் பெஞ்ச் கிடையாது. தரையில் குந்தி உட்கார வேண்டும், அல்லது தள்ளி நிற்க வேண்டும். அவர்களுக்கென்று தனிக் குவளை, சில இடங்களில் கொட்டாங்கச்சி. குடித்துவிட்டுத் தாங்களே கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். இரட்டைக் குவளையை எதிர்த்துத் தஞ்சைப் பண்ணையாட்கள் தொடங்கி இன்றைய தலித் இயக்கங்கள் வரை மூன்று தலைமுறையாகப் போராடிவருகின்றன. அடிபட்டவர்கள் உண்டு, உயிரை விட்டவர்களும் உண்டு. கண்ணாடிக் கிளாஸின் இடத்தில் காகிதக் கப் வந்தபோது, அதையே புதிய தனிக்குவளையாக மாற்றிய கடைகளும் உண்டு.

பாமா தன் 'கருக்கு' நூலில் (1992) சிறுமியாக இருந்தபோது பார்த்த ஒன்றை எழுதுகிறார். அவர் தெருவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் கடையில் வாங்கிய வடைப் பொட்டலத்தைக் கையில் படாமல், கட்டிய நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் மேல்சாதிக்காரரிடம் கொடுக்கிறார். சிறுமிக்கு முதலில் சிரிப்பு. அது ஏன் என்று அண்ணன் சொன்ன பிறகு சிரிப்பு போய்விடுகிறது. தெருவில் சாதி எப்படி நடமாடுகிறது என்பதை ஒரு தலித் சிறுமி ஒரு பலகாரப் பொட்டலத்தில் கற்றுக்கொள்கிறாள். பெரியவருக்கு மறுக்கப்பட்டது சமமான இடம். அந்தச் சிறுமி வளர்ந்த பிறகு அதே கடைத்தெருவில் அவளுக்கு இரண்டு மறுப்புகள் காத்திருக்கும். தலித் என்பதால் பெஞ்ச் இல்லை. பெண் என்பதால் கடைப்பக்கமே இல்லை.

சட்டத்தில் உள்ள ஒரு சொல்

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 15(2)ஆவது உறுப்பை எடுத்துப் பாருங்கள். மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகிய காரணங்களை மட்டும் கொண்டு எந்தக் குடிமக்களையும் கடைகள், பொது உணவகங்கள், ஹோட்டல்கள், பொழுதுபோக்கு இடங்களுக்குள் வரவிடாமல் தடுக்கக் கூடாது என்கிறது அது. கடை என்ற சொல்லை எவ்வளவு விரிவாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் விளக்கமும் கொடுத்தார். காப்பிக் கடையை அடிப்படை உரிமைகளுக்குள் கொண்டுவந்த நாடு இது.

அந்தப் பட்டியலில் சாதிக்கு அடுத்த சொல் 'பால்'. ஆண், பெண் என்ற பால்.

சாதியைப் பொறுத்தவரை அந்த உறுப்பு தாளில் நிற்கவில்லை. 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. கடைக்குள் விடாமல் தடுப்பதும், எல்லோருக்கும் வைத்திருக்கும் பாத்திரத்தைத் தர மறுப்பதும் தண்டனைக்குரியவை ஆயின. சட்டத்துக்கு முன்னாலும் பின்னாலும் மக்கள் இயக்கம் இருந்தது. 'பால்' என்ற சொல்லுக்குப் பின்னால் அப்படி ஒன்றும் இல்லை. டீக்கடைப் பெஞ்சில் உட்காரும் உரிமை கேட்டுத் தமிழ்நாட்டில் பெண்கள் ஊர்வலம் போனதாக நான் எங்கும் படித்ததில்லை.

ஏன்? யாரும் தடுக்கவில்லை என்பதுதான் காரணம். 'பெண்களுக்கு அனுமதி இல்லை' என்று எந்த டீக்கடையிலும் பலகை தொங்கவில்லை. தொங்கியிருந்தால் அழித்திருப்போம். பலகைக்குப் பதிலாகப் பார்வை இருந்தது. ஒரு பெண் தனியாக வந்து பெஞ்சில் உட்கார்ந்தால் பேச்சு நின்றுபோகும். யார் வீட்டுப் பெண் என்று விசாரிப்பார்கள். சாயங்காலத்துக்குள் வீட்டுக்குச் செய்தி போய்விடும். அதற்குப் பயந்து நாமே தாண்டிப் போனோம். தாண்டிப் போவது பழகிப்போய், 'எனக்கு வெளியில் டீ குடிக்கப் பிடிக்காது' என்ற விருப்பமாகவும் மாறியது. அம்மாவின் "வீட்லதான் காப்பி இருக்கே" அங்கிருந்து வந்தது.

ஹோட்டல்கள் பெண்களுக்காகக் கண்டுபிடித்த வழி 'குடும்ப அறை'. மரத்தடுப்பு, அரைக் கதவு அல்லது திரை, உள்ளே நான்கு பேருக்கு மேசை. பெயரைக் கவனியுங்கள். பெண்கள் அறை என்று பெயர் வைக்கவில்லை, குடும்ப அறை என்று வைத்தார்கள். குடும்பத்தோடு வந்தால் உனக்கு இடம் உண்டு, தனியாக வந்தால் நீ யார் என்று தெரியவில்லை என்று அர்த்தம். இன்னொரு வழி பார்சல். மகனை அனுப்பித் தூக்குவாளியில் வாங்கி வரச் சொல்வது. கட்டட வேலை நடக்கும் இடங்களில் சித்தாள் பெண்களுக்கு டீ இப்படித்தான் வந்து சேர்கிறது. கொத்தனார் கடைக்குப் போய் உட்கார்ந்து குடித்துவிட்டு வருவார். சித்தாள் மணல் குவியல் ஓரமாக நின்று குடிப்பாள்.

கடைக்குள் பெண்ணே இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. பாய்லருக்குப் பின்னால் மாவு கரைத்து, வெங்காயம் நறுக்கி, வடை தட்டி, கிளாஸ் கழுவும் பெண்ணை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கல்லாவில் கணவர். பாய்லரில் நின்று டீ ஆற்றுபவர் 'மாஸ்டர்'. வடை சுடும் பெண்ணுக்கு அப்படி ஒரு பட்டம் கிடையாது, அவள் 'அக்கா' அல்லது 'அம்மா'. கணவனை இழந்த பெண் வாசலில் அடுப்பு வைத்து இட்லிக்கடை போடுவதை ஊர் அனுமதித்தது. அது பிழைப்பு, பசியில் இருப்பவளின் வழி. ஆனால் வேலை இல்லாமல், காரணம் இல்லாமல், வெறுமனே ஒரு கிளாஸ் டீயோடு கால் நீட்டி உட்காருவதற்கு அவளுக்கு எந்தச் சலுகையும் கிடையாது.

பெஞ்ச் கிடைத்தால் என்ன நடக்கும்

ஒரு பெஞ்சுக்காக இவ்வளவு பேச வேண்டுமா என்று தோன்றலாம். பெஞ்சில் உட்கார்ந்தால் பேச்சு வரும், பேச்சில் அரசியல் வரும். காப்பிக் கடைகளை நாடாளும் ராஜாக்களே பயந்து பார்த்திருக்கிறார்கள். லண்டனில் முதல் காப்பிக் கடை 1652இல் தொடங்கியது. வணிகர்கள் அங்கே கூடினார்கள், செய்தித்தாள் படித்தார்கள், அரசைத் திட்டினார்கள். 1675இல் அரசர் இரண்டாம் சார்லஸ் காப்பிக் கடைகளை மூடும்படி ஆணையிட்டார். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாள்களிலேயே பின்வாங்கினார். அந்தக் கடைகளிலும் பெண்கள் பரிமாறினார்கள், சிலர் கடையே நடத்தினார்கள். கூடிப் பேசியவர்கள் ஆண்கள். காப்பிக்கு எதிரான 'பெண்கள் மனு' என்று 1674இல் ஒரு துண்டுப்பிரசுரம் வந்தது. அதைப் பெண்கள்தான் எழுதினார்களா, அல்லது பெண்கள் பெயரில் ஆண்கள் செய்த கேலியா என்ற சந்தேகம் இன்றுவரை உண்டு.

நிலைமை மாறியது இருநூறு ஆண்டுகள் கழித்து. ரொட்டி தயாரிக்கும் ஏ.பி.சி. நிறுவனம் 1864இல் லண்டனில் ஒரு டீக்கடை திறந்தது. மது கிடையாது, விலை குறைவு, ஆண் துணை இல்லாத பெண்ணும் வரலாம். அதைப் பார்த்து இன்னும் பல டீ ரூம்கள் வந்தன. கிளாஸ்கோவில் கேட் கிரான்ஸ்டன் என்ற பெண்மணி தொடங்கிய டீ ரூம்கள் நகரத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டன. கடைக்கும் அலுவலகத்துக்கும் போன பெண்களுக்கு வெளியில் உட்கார முதன்முறையாக ஓர் இடம்.

உட்கார்ந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாக்குரிமை கேட்டுப் போராடிய பெண்கள் டீ ரூம்களைத் தங்கள் கூட்ட அறைகளாக்கினார்கள். ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் ஆலன்ஸ் டீ ரூம்ஸ் என்று ஒரு கடை இருந்தது. நடத்தியவர் ஒரு பெண். வாக்குரிமை இயக்கத்தினர் அங்கே கூட்டம் போட்டார்கள். 1912 மார்ச்சில் கடை ஜன்னல்களை உடைக்கும் போராட்டத்துக்குப் புறப்பட்ட பெண்கள் கார்டீனியா என்ற உணவகத்தில் கூடினார்கள். வாடகைக்கு மண்டபம் கொடுக்க மறுத்தவர்கள் உண்டு, வீட்டில் கூட்டம் போடக் கணவன் அனுமதி வேண்டும். டீ ரூமில் ஒரு கோப்பையின் விலை போதும். 1918இல் முப்பது வயதுக்கு மேற்பட்ட, சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்கும், 1928இல் ஆண்களுக்குச் சமமாக எல்லாப் பெண்களுக்கும் வாக்குரிமை கிடைத்தது.

மறக்கக் கூடாத ஒன்றும் அதில் உண்டு. அந்த டீ ரூம்களில் உட்கார்ந்தவர்கள் நடுத்தர வர்க்கப் பெண்கள். தட்டு ஏந்தி நாள் முழுக்க நின்றவர்கள் உழைக்கும் வர்க்கப் பெண்கள். கடைப் பெண்களின் கால்வலி அன்றைய பிரிட்டனில் பெரிய விவாதமாகி, விற்பனைப் பெண்களுக்கு, மூன்று பேருக்கு ஓர் இருக்கை என்று 1899இல் சட்டம் போட வேண்டி வந்தது. ஒரு பெண்ணுக்கு இருக்கை கிடைக்கும்போது இன்னொரு பெண் நிற்கிறாளா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

நம் காலத்துக் கடைகள்

நம் ஊரில் பெண்ணுக்கு முதலில் இருக்கை கொடுத்தது இயக்கம் அல்ல, விலைப்பட்டியல். 1996இல் பெங்களூரு பிரிகேட் சாலையில் முதல் கஃபே காஃபி டே திறந்தது. அதன் பிறகு வந்த ஏசி கஃபேக்களில் கல்லூரிப் பெண்கள் தனியாகவும் தோழிகளோடும் மணிக்கணக்கில் உட்கார முடிந்தது. பேச்சு நிற்காது, வீட்டுக்குச் செய்தி போகாது. ஆனால் அங்கே ஒரு காப்பியின் விலையில் தெருக்கடையில் பத்துப் பேர் டீ குடிக்கலாம். சித்தாள் பெண்ணுக்கு அந்தக் கண்ணாடிக் கதவு இன்னொரு தடுப்பு.

இந்தக் கண்ணாடிக் கதவுகளுக்கு இடையே வேறு மாதிரிக் கடைகளும் வந்தன. 2014 டிசம்பரில் ஆக்ராவில், தாஜ்மகால் இருக்கும் ஊரில், 'ஷீரோஸ் ஹேங்அவுட்' திறக்கப்பட்டது. அமில வீச்சிலிருந்து மீண்ட பெண்கள் நடத்தும் கஃபே. விலை போடாத உணவுப் பட்டியல், விரும்பியதைக் கொடுக்கலாம். அமில வீச்சைத் தனிக்குற்றமாக்கும் சட்டத்திருத்தமும், கடைகளில் அமில விற்பனையைக் கட்டுப்படுத்தும் உச்ச நீதிமன்ற உத்தரவும் வந்தது அதற்கு முந்தைய ஆண்டுதான். முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குள் இரு என்று சொல்லப்பட்ட பெண்கள் வாசலில் நின்று வாடிக்கையாளரை வரவேற்றார்கள்.

சென்னையில் பீட்டர்ஸ் சாலையில் உள்ள ரைட்டர்ஸ் கஃபே, குடும்ப வன்முறையில் தீக்காயம் பட்டு மீண்ட பெண்களுக்கு பேக்கிங் கற்றுக்கொடுத்து வேலைக்கு எடுத்தது. அவர்களைக் கடையோடு இணைத்தது, வன்முறைக்கு ஆளான பெண்களோடு நீண்ட காலமாக வேலை செய்யும் பி.சி.வி.சி. அமைப்பு. இந்தக் கடையைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு அடுப்புதான் ஞாபகம் வரும். 'ஸ்டவ் வெடித்தது', 'காப்பி போடும்போது சேலையில் தீ பிடித்தது' என்று நாம் எத்தனை செய்திகளைப் படித்திருக்கிறோம். மருத்துவமனைப் படுக்கையில், பக்கத்தில் கணவனின் உறவினர்கள் நிற்கும்போது, 'விபத்து' என்று சொன்ன பெண்கள் எத்தனை பேர். பிழைத்து வந்தால் அந்த உடம்போடு எங்கே போவது, யார் வேலை கொடுப்பார்கள்? அடுப்பில் சுடப்பட்ட பெண் அதே நெருப்பைத் தன் தொழிலாக்கி, மாதச் சம்பளம் வாங்கி, நாலு பேர் பார்க்க நடமாடுகிறாள். ஒரு கடையால் குடும்ப வன்முறை நின்றுவிடாது. ஆனால் திரும்பிப் போவதற்கு அந்த வீடு மட்டுமே உள்ள நிலையை அது மாற்றுகிறது.

கடைக்கு முன்னாலும் பெண்கள் அசையத் தொடங்கினார்கள். ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரனடே மூவரும் மும்பையை ஆராய்ந்து 2011இல் 'ஒய் லாய்ட்டர்?' நூலை வெளியிட்டார்கள். பொது இடத்தில் இருக்கும் பெண் ஒரு காரணத்தைக் கையில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. வேலைக்குப் போகிறேன், குழந்தையைக் கூப்பிடப் போகிறேன் என்று காட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. காரணமே இல்லாமல் சுற்றும் உரிமை வேண்டும் என்றது அந்த நூல். 2015இல் பாகிஸ்தானின் கராச்சியில் சில இளம்பெண்கள் தெருவோர டீக்கடைகளில் உட்கார்ந்து படம் எடுத்துப் பகிர்ந்தார்கள். 'கேர்ள்ஸ் அட் தாபாஸ்' என்று அது பரவியது. ஒரு கிளாஸ் டீயோடு ஒரு பெண் உட்கார்ந்திருக்கும் படம். அதற்கு வந்த வசவுகளைப் பார்த்தால் பெஞ்சின் மதிப்பு புரியும்.

நிற்கிறவர்கள்

கேரளத்தின் கோழிக்கோட்டில் தையல் தொழிலாளியான விஜி, மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்களைத் திரட்டி 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார். முதல் கோரிக்கை கழிப்பறை. அடுத்தது உட்காரும் உரிமை. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை, வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார்ந்தாலும் சம்பளப் பிடித்தம். அந்தப் பெண்கள் போராடிப் போராடி 2018இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் பணியாளர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று சேர்த்தது. லண்டன் சட்டத்துக்கும் நமக்கும் நடுவே நூற்றிருபத்திரண்டு வருடம். உங்கள் தெருவில் உள்ள பேக்கரிக்கும் டீக்கடைக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். அடுத்த முறை போகும்போது கல்லாவுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருக்கிறதா என்று பாருங்கள்.

அதே 2021 மே மாதம் முதல் சாதாரண அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. காலையில் பேருந்து நிறைய பெண்கள். இறங்கிய இடத்தில் அவர்கள் உட்காருவது எங்கே? உட்கார நேரம்தான் எங்கே? 2019 தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைக்கு அதில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் 299 நிமிடம் செலவிடுகிறாள், ஆண் 97 நிமிடம். இடையில் இருக்கும் மூன்றேகால் மணி நேரத்துக்கும் மேல் எங்கே போகிறது என்று கேட்டால், அதில் ஒரு பகுதி டீக்கடைப் பெஞ்சில் இருக்கிறது. வீட்டில் அடுப்பை யாராவது பார்த்துக்கொண்டால்தான் கடையில் ஒருவர் உட்கார முடியும். ஆகவே பெஞ்சைப் பற்றிய பேச்சு வீட்டு அடுப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். காலைக் காப்பியை யார் போடுவது என்ற சண்டையும், டீக்கடையில் யார் உட்காருவது என்ற சண்டையும் ஒன்றேதான்.

அம்மா ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகிறது. போன மாசி மாதம் ஊருக்குப் போயிருந்தேன். வங்கிக்குப் போய்விட்டு வரும்போது வெயில். "ஒரு டீ குடிச்சிட்டுப் போலாம்மா" என்றேன். "இங்கயா?" என்றார். அவரிடம் படித்த பையன்தான் இப்போது மாஸ்டர். "டீச்சர், உக்காருங்க" என்று பெஞ்சைத் துடைத்துவிட்டான். அந்த மரியாதை டீச்சருக்கு என்பது எனக்குத் தெரியும். பக்கத்துத் தெருவில் பீடி சுற்றும் அக்காவுக்கு அவன் துடைத்துவிடுவானா என்று தெரியாது.

அம்மா பெஞ்சின் விளிம்பில் உட்கார்ந்தார். டீயை வாயில் வைத்தார். "நம்ம வீட்டுக் காப்பிக்குப் பக்கத்துலகூட வராது" என்றார். இரண்டு வாய் குடித்தபிறகு மறுமுனையில் நாளிதழோடு இருந்தவரைப் பார்த்தார். "தம்பி, நடுப்பக்கத்தைக் கொஞ்சம் குடுங்க."

அவர் தாளைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.